முன் சக்கரத்துக் கோட்டம்

பம்புதானுங்களே, தாராளமா எடுத்துக்குங்க. பால்கனியில இருக்குது, என்ற சம்சாரம் மரகதம் எடுத்துட்டு வருவா. நீங்க உக்காருங்க தம்பி. எதிர்வீட்டுக்குக் குடிவந்து இவ்வளவு நாளாச்சு, இப்பத்தான் உள்ள வர்றீங்க. ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போலாம். உங்க டயர்ல இருக்கற காத்து எங்கயும் போயிராது. அதான் ஏற்கெனவே போயிருச்சே.

அந்த சைக்கிள்ல இருக்கற லீவரை மட்டும் தொடாதீங்க. கோவிச்சுக்கலைங்க, சொல்றேன். அது கியர் மாத்தற லீவர். சக்கரம் நிக்கையில அதைத் தள்ளினா, செயின் எந்தப் பல்லுல உக்கார்றதுன்னு தெரியாம நடுவுல நின்னுக்கும்.

ஆமாங்க, பழசுதான். எனக்கு ஒரு அஞ்சாறு வயசு எளசா இருக்கும். இங்கிலாந்துல செஞ்ச பிரேமு. ரேஸ் ஓட்டறவங்க சைக்கிள். ஹேண்டில்பார் கெடாய்க் கொம்பு மாதிரி வளைஞ்சிருக்குது பாருங்க, குனிஞ்சுதான் பிடிக்கணும். இல்லைங்க, நான் ஓட்டறதில்லை. எல்லாரும் அதைத்தான் மொதல்ல கேக்கறாங்க. ஓட்டறது வேற, ஓட்டற மாதிரி ஆக்கறது வேற. நான் ரெண்டாவது ஆளு.

நான் ஆவாரம்பாளையத்துல ஒரு பம்புசெட்டு கம்பெனியில இன்ஸ்பெக்சன்ல இருந்தனுங்க. குத்தம் கண்டுபிடிக்கறதுதான் எனக்கு வேலையே. ஷாப்ட்டு தலைமுடி அளவு வெலகியிருந்தாலும் சாக்பீஸ்ல ஒரு பெருக்கல் குறி போட்டு அக்கட்டால தள்ளிருவேன். ரிட்டையர் ஆனதுக்கப்பறம் ஊட்டுல குத்தம் கண்டுபிடிக்க ஆரம்பிச்சுட்டேன்னு மரகதம் சொல்லுவா. அது அப்படி இல்லைங்க. ஊட்டுல நெசமாவே குத்தம் இருந்துச்சு.

போன வருசம் மழைக்கு முன்னாடி, உக்கடத்துல பழைய இரும்புக் கடைக்கு ஒரு கீல் தேடிப் போனேன். துரு பிடிச்ச ஜன்னல் கம்பிகளுக்கு நடுவுல இந்த பிரேமு தொங்கிட்டு இருந்துச்சு. சக்கரம் தனியா ஒரு மூலையில. குழாயும் குழாயும் சேர்ற எடத்தை வெரல்ல தடவிப் பாத்தேன். வெல்டிங் கட்டியே இல்லைங்க. பித்தளையை உருக்கி உள்ள ஓடவிட்டு ஒட்டி, அரத்துல ராவி, இலை நுனி மாதிரி முடிச்சிருந்தான். எவன் செஞ்சானோ தெரியாது. ஆனா அவன் வேலையில பெருக்கல் குறி போட எடமே இல்லை. தூக்கிட்டு வந்துட்டேன்.

கீல் வாங்க மறந்துட்டேன். அந்த ஜன்னல் இன்னும் ஆடிட்டுத்தான் இருக்குது.

சின்ன ரூம்ல பழைய போர்வையை விரிச்சு, எல்லாத்தையும் கழட்டி, டீசல்ல ஊறப்போட்டேன். சாம்பாரே டீசல் வாசம் அடிக்குதுன்னு மரகதம் சொன்னா. சாம்பார்ல எப்பவுமே ஒரு வாசம் உண்டு, அதுக்கு இப்பப் பேரு கெடைச்சிருச்சுன்னு நான் சொல்லலை. நெனைச்சுக்கிட்டேன், அவ்வளவுதான்.

அதே வாரம்தானுங்க எங்க பொண்ணு பிருந்தாவும் வந்தா. ஒரே பொண்ணு. திருப்பூர்ல குடுத்திருக்குது. மாப்பிள்ளை பேரு பூபதி, பனியனுக்கு லேபிள் அச்சடிக்கற பட்டறை வெச்சிருக்காரு. பெரிய பெரிய பெட்டியோட ஆட்டோவுல வந்து எறங்கினா. எத்தனை நாள் லீவு அம்மிணின்னு கேட்டேன். தெரியலைப்பான்னா. சின்ன ரூமுக்குள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டா. சாத்தறதுக்கு முன்னாடி பிரேமு, சக்கரம், டீசல் டப்பா எல்லாத்தையும் ஹாலுக்கு மாத்தறதுக்கு எனக்கு நேரம் குடுத்தா. அதைச் சொல்லணும். நல்ல பொண்ணு.

அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி ஆஸ்பத்திரி விசயம் ஒண்ணு நடந்திருந்துச்சுங்க. அஞ்சாம் மாசம். கொழந்தை தங்கலை. அவ்வளவுதான். ஊட்டுல யாரும் அதைப் பேசறதில்லை. பேசி என்ன ஆகப்போகுது. மரகதம் மட்டும் ஒருக்கா சொன்னா: ஆஸ்பத்திரியில இருந்து வந்து பாத்தா, ஆசையா வாங்கி வெச்சிருந்த தொட்டில் இல்லையாமா. சின்னச் சின்னத் துணி எதுவும் இல்லையாமா. மாப்பிள்ளை எல்லாத்தையும் எடுத்துட்டாராமா. அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கலையாமா. மறுநாளே பட்டறைக்குப் போயிட்டாராமா.

ஆர்டர் இருந்திருக்கும்னு நான் சொன்னேன். மரகதம் என்னை ஒரு பார்வை பாத்தா. அந்தப் பார்வை எதுக்குன்னு எனக்கு இன்னும் வெளங்கலை. பட்டறை வெச்சிருக்கறவங்களுக்கு ஆர்டர் இருக்காதுங்களா.

காப்பி சூடா இருக்குதுங்களா. சக்கரை வேணும்னா சொல்லுங்க.

ஒரு ஞாயித்துக்கெழமை மாப்பிள்ளை வந்தாரு. இந்த சோபாவுல, நீங்க உக்காந்திருக்கற எடத்துலதான், நுனியில உக்காந்தாரு. பிருந்தா வெளிய வரலை. மரகதம் போயிக் கதவைத் தட்டினா. தலைவலின்னு பதில் வந்துச்சு. அவரு பேப்பரை எடுத்தாரு. மொத நாள் பேப்பர். படிச்சாரு, கீழ வெச்சாரு, மறுபடி அதையே எடுத்தாரு. எனக்கு எரிச்சலா வந்துச்சு. நானு காட்டர் பின்னோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன். பெடல் கையை அச்சோட இறுக்கிப் பிடிச்சு வெக்கற ஆப்புங்க அது. துருவேறிச் செத்துக் கெடந்துச்சு.

"மாப்பிள்ளை, சும்மாதான உக்காந்திருக்கீங்க. இந்தப் பக்கம் ஒருக்கா அழுத்திப் பிடிங்க"ன்னேன்.

வெள்ளைச் சட்டை போட்டிருந்தாரு. அப்படியே வந்து தரையில உக்காந்து பிடிச்சாரு. சுத்தியில வெச்சு ஒரு போடு போட்டேன். பின்னு தெறிச்சு வெளிய வந்துச்சு. கூடவே அத்தனை வருசத்துக் கருப்பு கிரீஸும் வந்து அவரு சட்டையில விழுந்துச்சு. அவரு குனிஞ்சுகூடப் பாக்கலை. கண்ணு அந்தக் கதவு மேலயே இருந்துச்சு. வேலை பண்றப்பக் கண்ணு வேலையில இருக்கணும் மாப்பிள்ளைன்னு சொன்னேன். சரிங்க மாமான்னாரு.

சாயங்காலம் கெளம்பறப்ப, செருப்பைப் போட்டுக்கிட்டே கேட்டாரு. "அடுத்த வாரமும் வேலை இருக்குங்களா மாமா?"

"வேலைக்கென்ன, கெடக்குது. மொட்டை பிரேமுதான இது."

"அப்ப வர்றனுங்க."

சைக்கிள் மேல அவருக்கு இப்படி ஒரு பிடிப்பு இருக்கும்னு நான் எதிர்பாக்கவே இல்லைங்க. கல்யாணத்துக்கு முன்னாடி எவ்வளவோ விசாரிச்சோம். யாருமே இதைச் சொல்லலை.

அப்பறம் ஞாயித்துக்கெழமை தவறாம வந்தாரு. பெங்களூருக்குச் சரக்கு விசயமாப் போனவரு, அங்க எங்கயோ சந்துல தேடி, இந்த பிரேக்குக்குச் சேர்ற ரப்பர் கட்டை வாங்கிட்டு வந்தாரு. எனக்குன்னு யாரும் இப்படித் தேடி ஒண்ணை வாங்கிட்டு வந்ததில்லைங்க. கை மோசமில்லை. ஆனா ஒரு குத்தம். கழட்டறதுன்னா மளமளன்னு கழட்டிருவாரு. திரும்ப மாட்டறப்ப எது எங்க இருந்துச்சுன்னு முழிப்பாரு. கழட்டறப்பவே வரிசையா வெக்கணும் மாப்பிள்ளை, கழட்டறது யாரு வேணும்னாலும் பண்ணலாம்னு சொல்லிச் சொல்லி என்ற வாயே வலிச்சுது. சரிங்க மாமா, சரிங்க மாமாம்பாரு. ரொம்பப் பேச மாட்டாரு. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் ஒரு நாள் முழுக்க உக்காந்து, ஸ்பேனரைக் குடுங்க, துணியைக் குடுங்கன்னு மட்டும் பேசிட்டு எந்திரிப்போம். நல்லாப் பேசின மாதிரி இருக்கும்.

பிருந்தா ரூம்லதான் இருப்பா. இந்தச் சுத்தியல் சத்தம், சக்கரம் சுத்தற சத்தம் எல்லாம் தலைவலிக்கு ஆகாதேன்னு நான் கொஞ்சம் கவனிச்சேனுங்க. பாத்தா, மாப்பிள்ளை வந்தப்பறம் அவ ரூம் கதவு ஒரு கையகலம் தொறந்திருக்கும். நான் எந்திரிச்சுப் போயிச் சாத்திட்டு வருவேன். கொஞ்ச நேரங்கழிச்சுப் பாத்தா மறுபடி தொறந்திருக்கும். காத்துதான். ஒவ்வொரு வாரமும் இதே வேலையாப் போச்சு. கடைசியில அந்தத் தாழ்ப்பாளையும் கழட்டி எண்ணெய் போட்டு, நல்லா இறுக்கி மாட்டினேன். அப்பவும் தொறந்துச்சு. இந்த அபார்ட்மெண்ட்டுல காரையில இருந்து கதவு வரைக்கும் எதுவுமே சரியில்லைங்க. உங்க ஊட்டுல எப்படி.

சரி, வேலை முடிஞ்சுது. ஹேண்டில்பாருக்கு நாடா சுத்தியாச்சு. கடைசியாச் சக்கரம். சக்கரம்னா சும்மா இல்லைங்க. சைக்கிளைத் தலைகீழாக் கவுத்து வெச்சு, ரிம்மு பக்கத்துல சாக்பீஸைப் பிடிச்சுக்கிட்டுச் சுத்தணும். கோட்டம் இருக்கற எடத்துல மட்டும் கோடு விழும். அந்த எடத்துக் கம்பியை ஸ்போக் கீங்கற குட்டி ஸ்பேனர்ல கால் திருகு, அரைத் திருகு, இந்தப் பக்கம் இறுக்கி அந்தப் பக்கம் தளத்தி, கோடு எங்கயுமே விழாத வரைக்கும் எடுக்கணும். மூச்சுப் பிடிச்சுப் பண்ற வேலை. பண்ணினேன். சக்கரம் சுத்தறதே தெரியலை, நிக்கற மாதிரி இருந்துச்சு.

அன்னைக்கு மத்தியானம் சாப்படறப்ப நானே சொன்னேன். "மாப்பிள்ளை, அடுத்த வாரம் நீங்க வர வேண்டியதில்லை. வேலை முடிஞ்சுது. சும்மா எதுக்கு அலைச்சல்."

ரசம் ஊத்திட்டு இருந்த மரகதம் அப்படியே நின்னுட்டா. அவரு சோத்தைப் பிசைஞ்சுட்டே இருந்தாரு, வாயில வெக்கலை. ரசம் காரம்னு நெனைச்சேன்.

"சரிங்க மாமா"ன்னாரு.

அந்த வாரத்துலதானுங்க எனக்கு ஒரு சந்தோசம். பிருந்தா சாயங்காலம் ரூமை விட்டு வெளிய வந்தா. நான் துணியில பிரேமைத் துடைச்சுட்டு இருந்தேன். பக்கத்துல வந்து குத்துக்கால் போட்டு உக்காந்தா.

"அப்பா, இந்தக் கம்பியை எந்தப் பக்கம் திருகினா இறுகும்?"

சொன்னேன்.

"எந்தப் பக்கம் திருகினாத் தளரும்?"

அதையும் சொன்னேன். டயர் பக்கத்துல இருந்து பாத்தா ஒரு மாதிரி, நம்ம பக்கத்துல இருந்து பாத்தாத் தலைகீழ், அதுல ஏமாறாத ஆளே இல்லை, எல்லாம் வெளக்கினேன். ஸ்போக் கீயைக் கையில குடுத்து எப்படிப் பிடிக்கறதுன்னும் காட்டினேன். வந்ததுல இருந்து அவ என்கிட்ட அவ்வளவு நேரம் உக்காந்து பேசினது அதுதான். எனக்கு மனசு நெறைஞ்சு போச்சுங்க. ஆயிரந்தான் இருந்தாலும் என்ற ரத்தம்னு நெனைச்சுக்கிட்டேன்.

சனிக்கெழமை காலையில எந்திரிச்சு வந்து, ஒரு ஆசைக்கு முன் சக்கரத்தைச் சுத்திவிட்டேன். பாம்பு மாதிரி நெளியுதுங்க. இந்தப் பக்க பிரேக்குல ஒரு இடி, அந்தப் பக்க பிரேக்குல ஒரு இடி. இத்தனை வருச சர்வீஸ்ல நான் பாஸ் பண்ணி அனுப்பின எதுவும் திரும்பி வந்ததில்லை.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். "மாப்பிள்ளை, ஒரு கெட்ட செய்தி. முன் சக்கரம் கோட்டமாயிருச்சு."

நான் மறுபடியும் கேட்டேன்.

"கேக்குதுங்களா?"

"கேக்குதுங்க மாமா. நாளைக்குக் காலையிலயே வந்தர்றனுங்க"ன்னாரு. அவருக்கும் அதிர்ச்சிதான். கொரலே மாறிப்போச்சு.

வந்தாரு, எடுத்தோம். அடுத்த சனிக்கெழமை மறுபடி கோட்டம். எடுத்தோம். அதுக்கடுத்த வாரம் பிரேக் கம்பி தளந்து கெடக்குது. அப்பறம் மறுபடி சக்கரம். ஞாயித்துக்கெழமை சாயங்காலம் கண்ணாடி மாதிரி இருக்கறது, சனிக்கெழமை காலையில கோணிக்கிட்டு நிக்குது. நான் எவ்வளவு யோசிச்சேங்கறீங்க. வெயில்ல ரிம்மு விரியுதோன்னு சைக்கிளை எடம் மாத்தி வெச்சேன். பழைய இரும்புக்குத் தன்னோட பழைய கோணல் ஞாபகம் இருக்கும், அதுக்கே திரும்பிப் போகப் பாக்கும்னு கம்பெனியில ஒருத்தர் சொல்லுவாரு, அதுவோன்னு நெனைச்சேன். கீழ் ஊட்டுக்காரங்க மாவரைக்கற அதிர்ச்சியா இருக்குமோன்னு போயிக் கேட்டேன். அவங்க ஒரு மாதிரி பாத்தாங்க. இப்பவும் அவங்க எங்களோட சரியாப் பேசறதில்லை.

அதுல ஒரு நல்லது என்னன்னா, இத்தனை கோளாறு வந்ததுல பிருந்தாவுக்கு சைக்கிள்ல அக்கறை வந்துருச்சுங்க. மொதல்ல கதவுகிட்ட நின்னு பாத்தா. அடுத்த வாரம் சோபாவுல வந்து உக்காந்தா. அப்பறம் காப்பி கொண்டாந்து எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வெச்சா. யாருக்குன்னு சொல்லலை, வெச்சுட்டுப் போயிட்டா. மாப்பிள்ளை அந்த டம்ளரை எடுத்துக் கையில வெச்சுக்கிட்டே இருந்தாரு. ஆறிப்போச்சு. ஆறின காப்பியைக் குடிச்சாரு.

ஒரு நாள் காலையில பிருந்தா சிங்க்ல கையத் தேச்சுத் தேச்சுக் கழுவிட்டு இருக்கா. நகத்துக்கு அடியில எல்லாம் கருப்பு. என்ன அம்மிணின்னேன். அடுப்பைத் தொடைச்சேன்பான்னா. மரகதம் எலுமிச்சைத் தோலை எடுத்துக் குடுத்துட்டு, "அடுப்பு ரொம்ப அழுக்குத்தான்"ன்னா. அடுப்பை அப்படி விடலாமான்னு மரகதத்தைத்தான் நான் ரெண்டு வார்த்தை பேசினேன். அவ திருப்பி ஒண்ணும் சொல்லலை. வழக்கமா விடமாட்டா.

கடைசியில ஒரு முடிவுக்கு வந்தேன். யாரோ கை வெக்கறாங்க. தண்ணி கேன் போடற ஆளு வர்றாரு, கேபிள்காரர் வர்றாரு, யாரைச் சொல்றது. சைக்கிளைப் பெட்சீட்டுல மூடி, சங்கிலி போட்டுப் பூட்டிரலாம்னு மரகதத்துகிட்டச் சொன்னேன்.

"ஒண்ணும் வேண்டாம். அது பாட்டுக்கு இருக்கட்டும்"ன்னா.

"வாராவாரம் கெட்டுப்போகுதே."

"கெடட்டும்."

அதுவரைக்கும் அந்த சைக்கிளைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை பேசாதவ. பூட்டு வேண்டாம்னு அவ்வளவு கண்டிசனாச் சொன்னா. அவளுக்கும் அது மேல ஒரு பாசம் வந்துருச்சுன்னு புரிஞ்சுக்கிட்டேன். பூட்டலை.

ஒரு ஞாயித்துக்கெழமைங்க. மொதல் நாளே பின் சக்கரத்து அச்சைப் பிரிச்சு, உள்ள இருக்கற பால்ஸை, அதான் குட்டிக்குட்டி இரும்புக் குண்டையெல்லாம், ஒரு கிண்ணத்துல கிரீஸ் போட்டு வெச்சிருந்தேன். மாப்பிள்ளை வந்ததும் மாட்டலாம்னு பாத்தா, பால்ஸ் கொறையுது. பிரிச்சப்ப எண்ணினேன், எல்லாம் சரியா இருந்துச்சு. மரகதம் சொன்னா, "போயி வாங்கிட்டு வாங்க. பக்கத்துல கெடைக்காது. டவுன்ஹால் பக்கம் போங்க. மெதுவாப் போயிட்டு வாங்க." அவளும் கோயிலுக்குப் போறேன்னு என்கூடவே கெளம்பினா. ஞாயித்துக்கெழமை என்ன கோயிலுன்னு கேட்டேன். சாமிக்கு லீவு இல்லைன்னா.

வழியிலயே ஒரு கடை தொறந்திருந்துச்சு. வாங்கிட்டுச் சீக்கிரமாத் திரும்பிட்டேன். கதவு ஒருக்களிச்சு இருந்துச்சு. உள்ள காலை வெக்கப் போனவன் நின்னுட்டேன்.

சைக்கிள் தலைகீழா நிக்குது. முன் சக்கரத்துக்கு இந்தப் பக்கம் மாப்பிள்ளை, அந்தப் பக்கம் பிருந்தா. ரெண்டு பேரும் தரையில உக்காந்திருக்காங்க. அவரு கையில ஸ்போக் கீ. அவ சக்கரத்தை மெதுவாச் சுத்திவிடறா. ஒருத்தரை ஒருத்தர் பாக்கலை. ரெண்டு பேரும் சக்கரத்தைத்தான் பாக்கறாங்க.

அவரு சொல்றாரு, "தொட்டிலை நான் யாருக்கும் குடுக்கலை பிருந்தா. பட்டறையில பரண் மேல இருக்குது. துணியெல்லாம் அதுக்குள்ளயே கட்டி வெச்சிருக்கேன்."

அவ சக்கரத்தைச் சுத்தறதை நிறுத்திட்டா.

"நீ வந்து அதைப் பாத்தாத் தாங்கமாட்டேன்னு நெனைச்சேன். அன்னைக்கு ஆஸ்பத்திரியில இருந்து நான் மட்டும் ஊட்டுக்கு வந்தேன் இல்ல. எனக்கு அதைப் பாக்க முடியலை. கழட்டிட்டேன். கழட்டறது ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்சுது."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே"ன்னா அவ.

"என்னன்னு சொல்றது."

"இதையேதான்."

அவரு தலையைக் குனிஞ்சுட்டாரு. தோள் ரெண்டும் குலுங்குது. சத்தம் இல்லை. அவ சக்கரத்துக் கம்பிகளுக்கு நடுவுல கையை விட்டு அவரு மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டா. அப்பறம் அவளும் அழுதா. ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுக்கப்பறம் அவ அழுது நான் பாக்கலைங்க. அன்னைக்குத்தான் பாத்தேன்.

கொஞ்ச நேரங்கழிச்சு அவரு மூக்கைத் துடைச்சுட்டு, கையி என்ன பண்றதுன்னு தெரியாம, மறுபடி ஸ்போக் கீயை எடுத்துத் திருக ஆரம்பிச்சாரு. தப்பான பக்கம் திருகறாரு. கோட்டம் அதிகமாகுது. எனக்கு நல்லாத் தெரியுது. தப்புன்னு தெரிஞ்சு நான் வாயை மூடிட்டு நின்னது அன்னைக்கு ஒரு நாள்தானுங்க. பால்ஸ் பொட்டலத்தைக் கையில பிடிச்சபடியே படியெறங்கிக் கீழ வந்து, செக்யூரிட்டி ஆளோட நாற்காலியில உக்காந்துட்டேன். பொட்டலத்தைப் பிரிச்சு பால்ஸை எண்ணினேன், ஒவ்வொரு தடவையும் வேற கணக்கு வந்துச்சு. வெளிச்சம் பத்தலைன்னு நெனைக்கறேன். மரகதம் கோயில்ல இருந்து வந்து பாத்தா. அவளும் பக்கத்துல படியில உக்காந்தா. கையில விபூதி, குங்குமம் ஒண்ணும் இல்லை. என்ன கோயிலுக்குப் போனாளோ.

காணாமப்போன பால்ஸ் அப்பறம் கெடைச்சுதுங்க. கடுகு டப்பாவுல இருந்துச்சு. அது எப்படி அங்க போச்சுன்னு மரகதத்தைக் கேட்டேன். எலியா இருக்கும்னா.

அதுக்கடுத்த வாரம் எல்லாம் மாட்டி முடிச்சு, ஓட்டிப் பாக்கலாம்னு கீழ எறக்கினோம். நான்தான் மொதல்ல ஏறினேன். ஏறினா, கால் பெடலுக்கு எட்டலை. ஆறடி வெள்ளைக்காரனுக்குச் செஞ்ச பிரேமு. சீட்டை எவ்வளவு எறக்கினாலும் அதேதான். இதை மொதல்லயே அளந்து பாத்திருக்கலாமேன்னு மரகதம் கேட்டா. நான் அளந்தது சைக்கிளைத்தான், என்னை இல்லைன்னேன். மாப்பிள்ளை ஏறினாரு. அவரும் என்ற உயரந்தான். கட்டை வெரல் நுனிதான் பட்டுச்சு.

பிருந்தா படியில நின்னு பாத்துட்டு இருந்தா. அவ மரகதத்து அண்ணன்மாரு மாதிரி, நல்ல உயரம். துப்பட்டாவைக் கழட்டி அவங்கம்மா கையில குடுத்துட்டு எறங்கி வந்தா. பள்ளிக்கூடத்துக்கு சைக்கிள்ல போனவதான், ஆனா இந்தக் கொம்பு ஹேண்டில் புதுசில்லைங்களா. மாப்பிள்ளை சீட்டுக்குப் பின்னாடி பிடிச்சுக்கிட்டே அபார்ட்மெண்ட் கேட்டு வரைக்கும் ஓடினாரு. கேட்டுத் தாண்டினதும், "விடுங்க"ன்னா. விட்டுட்டாரு.

போனா. பால் பூத்தைத் தாண்டி, ரேசன் கடையைத் தாண்டி, மெயின் ரோட்டுப் பக்கம் திரும்பினா. அவ்வளவுதான், ஆளைக் காணோம். நாங்க வாசல்கிட்டயே நின்னோம். ஒரு சுத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும், உங்களுக்கே தெரியும். அதைவிட அதிகமாச்சு. அப்பறம் இன்னும் அதிகமாச்சு. மாப்பிள்ளை ரோட்டையே பாத்துட்டு நின்னாரு. மொகம் வெளுத்துப்போச்சு.

"மாமா, வருவாங்களா?"

"பிரேக்கு நல்லாப் பிடிக்கும் மாப்பிள்ளை. பயப்படாதீங்க"ன்னேன்.

அவரு என்னைத் திரும்பிப் பாத்தாரு. மரகதம், "சித்த சும்மா இருங்க"ன்னா. ரெண்டு பேருக்கும் நான் சொன்னதுல என்ன குத்தம்னு தெரியலை. அந்த பிரேக்கு உண்மையிலேயே நல்லாப் பிடிக்கும்.

அப்பறம் வந்தா. போன பக்கம் இல்லை, எங்க முதுகுக்குப் பின்னாடி, பள்ளிக்கூடத்து ரோடு வழியா வந்தா. ஊரையே சுத்திட்டு வந்திருக்கா. தலைமுடி கலைஞ்சு, மொகமெல்லாம் வேர்வை, மூச்சு வாங்குது. மாப்பிள்ளை முன்னாடி வந்து பிரேக் போட்டு நிறுத்தினா. சத்தமே இல்லாம நின்னுச்சு.

"ரொம்ப தூரம் போயிட்டியா?"ன்னாரு அவரு.

"ஆமா. காலெல்லாம் வலிக்குது. பசிக்குதும்மா"ன்னா.

தட்டுல போட்டதை அவ மிச்சம் வெக்காம அன்னைக்குத்தான் சாப்பிட்டா. சாப்பிட்டுட்டுக் கையைக் கழுவினவ, "பூபதி, நாளைக்குக் கெளம்பலாமா?"ன்னு கேட்டா. ஏதோ சினிமாவுக்குப் போலாமான்னு கேக்கற மாதிரி. அவரு சரின்னாரு. நான்தான் சொன்னேன், லீவு முடிஞ்சிருச்சாட்ட இருக்குன்னு.

இப்ப நல்லாத்தான் இருக்காங்க. பண்டிகைக்கு வந்தாங்க. ஆனா ஒரு வருத்தமுங்க, உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. அந்த மாப்பிள்ளை, அத்தனை வாரம் பஸ்ஸேறி வந்து உழைச்சவரு, இப்ப வந்தா சைக்கிள் பக்கமே திரும்பறதில்லை. ரெண்டு பேரும் பால்கனியில போயி நின்னு பேசிட்டு இருக்காங்க. இந்தக் காலத்துல யாருக்கும் எதுலயும் ஒரு நெலையான பிடிப்பு இல்லைங்க.

அன்னைக்கு பெட்டியெல்லாம் கீழ எறக்கினப்பறம் பிருந்தா மட்டும் மறுபடி மேல வந்தா. நான் சைக்கிள்கிட்ட நின்னுட்டு இருந்தேன். அவ ஊருக்குப் போறான்னா எனக்கு எப்பவும் என்ன பேசறதுன்னு தெரியாது. அதனால முன் சக்கரத்தைச் சுத்திவிட்டுப் பாத்துட்டு இருந்தேன். அவ வந்து என்ற கையைப் பிடிச்சா. கொஞ்ச நேரம் பிடிச்சுக்கிட்டே நின்னா.

"அப்பா, இனிமே இதுல கோட்டம் வராதுப்பா"ன்னா.

"அதெப்படி அம்மிணி அவ்வளவு உறுதியாச் சொல்றே?"

"வராதுப்பா."

நான் அவளுக்குப் பொறுமையா எடுத்துச் சொன்னேனுங்க. பழைய ரிம்மு, கம்பியெல்லாம் வெவ்வேற இறுக்கத்துல இருக்கும். வராதுன்னு யாரும் உத்தரவாதம் குடுக்க முடியாது. வேலை தெரியாதவங்கதான் அப்படி அடிச்சுப் பேசுவாங்க. அவ கேட்டுக்கிட்டே நின்னா, சிரிச்சா, போயிட்டா.

ஆனா பாருங்க, நீங்களே சுத்தி வேணும்னாலும் பாருங்க. இன்னைக்கு வரைக்கும் வரலை.